ஒன்பதில் வெள்ளைப் பொட்டு

திறந்த கம்பி, இரண்டு, மூன்று, அங்கிருந்து ஒரு தாவல், ஏழு, எட்டு. எட்டு என்றால் எட்டு. இந்த மோதிர விரலுக்கு எத்தனை முறைதான் சொல்வது? மறுபடியும் ஒன்பதில் போய் உட்கார்ந்துகொண்டது, கல்யாணப் பந்தியில் முண்டியடித்து இடம் பிடித்தவனைப் போல. போகவேண்டியது நடுவிரல், போகவேண்டிய இடம் எட்டாம் கட்டம். கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளுக்கு நடுவிலிருக்கும் இடைவெளிகளைக் கட்டம் என்றுதான் நான் சொல்லிக்கொள்கிறேன், கணக்கு டீச்சருக்கு அப்படித்தான் வரும். ஒன்பதாம் கட்டத்தில் மரத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு வைத்திருக்கிறார்கள், அடையாளத்துக்காம். என் விரலைக் கூப்பிட்டுக் கெடுப்பதற்கென்றே வைத்த மாதிரி இருக்கிறது. ஆனால் பொட்டை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை, கண்ணை மூடிக்கொண்டு வாசித்தாலும் விரல் அங்கேதான் போகிறது. இழுப்பது காது. ஃபோனில் சொல்லிக்கொடுக்கிற அந்தத் தாடிக்கார வாத்தியார் முதல் பாடத்திலேயே சொல்லித் தொலைத்துவிட்டான்: “இது ஜப்பான் ஸ்கேல், பேரு ஹிராஜோஷி, அஞ்சே அஞ்சு நோட்டு. கிட்டத்தட்ட நம்ம சிவரஞ்சனிதான், கடைசி ஸ்வரம் மட்டும் ஒரு படி கீழ.” சொல்லாமலே இருந்திருக்கலாம். சிவரஞ்சனி என்று காதில் விழுந்ததும் உள்ளே கிடந்த அத்தனை சோகப் பாட்டும் எழுந்து நின்றுவிட்டது. கதாநாயகி மாடிப்படியில் உட்கார்ந்து அழும்போது வருகிற ராகம். ரேடியோவில் கேட்டு, பஸ்ஸில் கேட்டு, டீக்கடை வாசலில் கேட்டு ஊறிப்போனது. ஏழிலிருந்து புறப்படும் விரல் தானாக ஒன்பதுக்குப் போகிறது, போனதோடு நிற்காமல் கம்பியை அசைத்துக் கொஞ்சம் விம்மவும் செய்கிறது. உன்னை யார் அழச் சொன்னது? எட்டில் நில். எட்டில் நின்றால் அழுகை வராது, வேறு என்னவோ வருகிறது, அதற்குப் பெயர் தெரியவில்லை, எனக்கு வேண்டியது அதுதான். திறந்த கம்பி, இரண்டு, மூன்று.

மணி நாலேகால். ஐந்து மணிக்கு வந்துவிடுவார்கள், ரூபவதி மதினியும் ஜெயசிங்கும். மதினி என் வீட்டுக்காரருக்கு அக்கா, ஜெயசிங் எங்கள் கோயில் பாடகர் குழுவின் தலைவர். நாளை ஞாயிறு, அவர் போய் ஒரு வருஷம் நிறைகிறது, ஆராதனையில் நினைவு ஸ்தோத்திரம். அவர் என்றால் துரைசிங். உயிரோடு இருக்கும்போது வாயால் சொல்லாத பெயர், இப்போது நினைப்பில்கூட அவர் என்றுதான் வருகிறது. நாளைக்கு இந்தக் கிட்டாரை அவர் நினைவாகக் கோயிலுக்குப் படைப்பதென்று முடிவாகியிருக்கிறது. முடிவு செய்தது யார்? எல்லாரும். அதாவது என்னைத் தவிர எல்லாரும். பாளையங்கோட்டையில் எங்கள் கோயிலில் செத்தவர் பெயர் எழுதாத சாமானைப் பார்ப்பது கஷ்டம். பெஞ்சில் இருக்கும், சுவர்க்கடிகாரத்தில் இருக்கும், செருப்பு வைக்கிற ஸ்டாண்டில்கூட இருக்கிறது. நான் உட்காரும் இடத்துக்கு நேர் மேலே சுற்றும் ஃபேனின் மூன்று இறக்கைகளிலும் ‘காலஞ்சென்ற செல்லையா ஆசிரியர் நினைவாக’ என்று சிவப்புப் பெயிண்டில் எழுதியிருக்கும். அது கிறீச் கிறீச்சென்று கத்தும். பிரசங்கம் நீண்டுவிட்டால் செல்லையா வாத்தியாருக்குப் பொறுக்கவில்லை என்று பெண்கள் பக்கத்தில் சிரிப்போம். ஜெயசிங் பெயிண்டரிடம் சொல்லிவைத்துவிட்டாராம், இன்று சாயங்காலம் கொடுத்தால் காலைக்குள் காய்ந்துவிடுமாம். கிட்டாரின் வயிற்றில், ஓட்டைக்குக் கீழே, அவர் பெயர். அப்புறம் கோயில் ஆபீஸ் அறையில் கண்ணாடி அலமாரி, பூட்டு, சாவி. பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வந்து வெகுநாளாகிறது, இதை எடுத்து வாசிக்க அங்கே ஆளில்லை. கம்பி துருப்பிடிக்கும், பசை விடும், பெயர் மட்டும் பளிச்சென்று இருக்கும். அதனால்தான் எனக்கு நானே ஒரு பரீட்சை வைத்துக்கொண்டேன். அவர்கள் கேட்டைத் திறப்பதற்குள் ஒரே ஒரு முறை, மேலே ஏறிக் கீழே இறங்கி, இந்த ஐந்து ஸ்வரத்தையும் பிசகாமல் வாசித்துவிட்டால் கிட்டார் எனக்கு. பிசகினால் அவர்களுக்கு. காலமெல்லாம் பிள்ளைகளுக்குப் பரீட்சை வைத்தவளுக்கு வேறு என்ன ஏற்பாடு தோன்றும்?

“தொடாத ஹெப்சி, சுருதி கலைஞ்சிரும்.” இந்த வீட்டில் நான் அதிகம் கேட்ட வாசகம் அதுவாகத்தான் இருக்கும். பீரோ மேலிருக்கும் உறையைத் துடைக்கலாம், உறைக்குள் இருப்பதைத் தொடக்கூடாது. நானும் தொடவில்லை. உறையைத் துடைத்துத் துடைத்தே ஓர் ஆயுள். அவர் போனபின் மழைக்காலத்தில் கரப்பான் வந்திருக்குமோ என்று திறந்தேன், உள்ளேயிருந்து அவருடைய பவுடர் வாசனை வந்தது, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன், நன்றாகவே அழுதேன். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் கழுத்தில் முதல் மூன்று கட்டங்களில் மட்டும் மரம் குழிந்து கிடக்கிறது, அவர் விரல் அழுத்தி அழுத்தி. அதற்கு மேலே புது மரம். கடையிலிருந்து வந்த அன்றைக்கு இருந்த அதே மினுமினுப்பு. இத்தனை வருஷமும் அவர் அந்தப் பக்கமே போனதில்லை. அவருக்குத் தெரிந்தது சி, ஜி, எஃப் என்று மூன்று கார்டு, அதாவது பல கம்பியைச் சேர்த்துப் பிடிக்கிற மூன்று பிடி, அதை வைத்துக்கொண்டே ஞானப்பாட்டும் கீர்த்தனையும் கிறிஸ்துமஸ் கேரலும் எல்லாம் ஓட்டிவிட்டார். கல்யாணமான வருஷம் கேரல் ஒத்திகை, இதே ஹாலில்தான். காலேஜ் பாடகர் குழுவில் ஆல்ட்டோ, பெண்களில் கீழ்க்குரல், பாடியவள் நான், புதுச் சேலை கட்டிக்கொண்டு போய் நின்றேன். இரண்டு பாட்டு முடிந்ததும் சிரித்துக்கொண்டே, “ஹெப்சிக்குத் தாளம் நிக்காது, அவ டீ போட்டுட்டு வரட்டும்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பிரியமாகத்தான் சொன்னார், அதுதான் வினையே. கோபமாகச் சொல்லியிருந்தால் அன்றைக்கே சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். அடுப்படியில் டீயை ஆற்றிக்கொண்டே காலால் தாளம் போட்டுப் பார்த்தேன். ஓடியது அவர். மூன்றாவது சரணம் வந்தால் ரயிலைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி ஓடுவார், பாடகர் குழு மூச்சு வாங்கிக்கொண்டு பின்னாலேயே ஓடும். நான் எண்ணியது பிசகவே இல்லை. ஆனாலும் அதற்கப்புறம் கோயிலில்கூட வாயை மட்டும்தான் அசைத்தேன். பக்கத்தில் நின்றவளுக்குத் தெரியாது. கர்த்தருக்குத் தெரிந்திருக்கும், அவரும் ஒன்றும் கேட்கவில்லை.

சரி, பழையதைக் கிளறினால் விரல் இன்னும் கெடும். இரண்டு, மூன்று. மூன்றுக்கும் ஏழுக்கும் நடுவே எவ்வளவு பெரிய வெறும் வெளி, கை அதைத் தாண்டும்போது ஒரு சின்னப் பயம் வருகிறது, ஏழு இருக்கிற இடத்தில் ஏழு இருக்குமா என்று. ஏழு. இருக்கிறது. இப்போது நடுவிரல். நடு. சே. மறுபடி ஒன்பது. ஏன் இந்த ஜப்பான்காரன் ஸ்வரம், ஊரில் வேறு ராகமே இல்லையா என்று கேட்டால் என்ன சொல்வது? ஷைனி கேட்டாள். என் மகள், ஓசூரில் இருக்கிறாள். சொன்னால் சிரிப்பாள் என்று சொல்லவில்லை. இந்தக் கம்பியில் நான் எதைத் தொட்டாலும் அவர் இருக்கிறார். கீர்த்தனை வாசித்தால் அவர் கீர்த்தனை, கேரல் வாசித்தால் அவர் கேரல், ஒரு பழைய சினிமாப் பாட்டை மெல்ல மீட்டினால் பக்கத்து வீட்டு அம்மாள் மதிலுக்கு மேலே தலையை நீட்டி, “சார் ஞாபகமா டீச்சர்?” என்று கேட்டுக் கண்ணைத் துடைக்கிறாள். அவள் கண்ணைத் துடைத்தால் நானும் துடைக்கவேண்டியிருக்கிறது. அவர் கால் வைக்காத ஓர் இடம் எனக்கு வேண்டியிருந்தது. ஃபோனில் தேடிக்கொண்டே போனபோது இது கிடைத்தது. முதல் தடவை கேட்டபோது அழகாக இருந்தது என்றுகூடச் சொல்லமாட்டேன், யாரும் குடியில்லாத வீட்டுக்குள் போய் ஜன்னலைத் திறந்த மாதிரி இருந்தது. இதில் அவர் இல்லை. அவர் மேல் ஆசையில்லை என்று அர்த்தமா? ஆசை இருக்கிறது. பனங்கிழங்கு வாங்கிவந்தால் நாரை ஒவ்வொன்றாக உரித்து, நடுக்குருத்தையும் உருவிவிட்டு, ஒடித்து என் தட்டில்தான் முதலில் வைப்பார். அந்தக் கைதான் இதைத் தொடாதே என்றும் சொன்னது. இரண்டும் ஒரே கை, நான் என்ன செய்யட்டும்?

நேற்று ஷைனி ஃபோனில், “குடுத்துருங்கம்மா, அப்பா பேரு கோயில்ல இருக்கும்ல. நீங்க வச்சு என்ன செய்யப் போறீங்க?” என்றாள். கேட்கலாம், நியாயமான கேள்வி. நான் வச்சு என்ன செய்யப் போகிறேன்? ஒருவேளை இது கஞ்சத்தனமோ? செத்தவருக்குச் சேரவேண்டிய மரியாதையை நான் பிடித்து வைத்துக்கொள்கிறேனோ? நாளைக்கு ஆராதனையில் போதகர் பெயரை வாசிக்கும்போது மேடையில் கிட்டார் இல்லை என்றால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு வருஷத்துக்குள்ளே இப்படி ஆகிவிட்டாளே என்பார்கள். சொல்லட்டும். ஆ. கம்பி அறுக்கிறது. முதல் கம்பி ரொம்ப மெலிசு, விரல் நுனியில் கோடு விழுந்து, கோடு காய்த்து, இப்போது தோசைக்கல்லைத் தொட்டால்கூட அந்த இடத்தில் உறைக்கவில்லை. ஸ்கூலில் சாக்பீஸ் பிடிக்கிற கை வலது, இடது கையில் எனக்கென்று ஒன்றும் காய்த்ததே கிடையாது, இதுதான் முதல். கல்யாண மோதிரம் வேறு கழுத்து மரத்தில் டொக் டொக்கென்று இடிக்கிறது. கழற்றி வைக்கலாமா? கழற்றினால் மதினி வந்ததும் முதலில் விரலைத்தான் பார்ப்பார். பார்க்கட்டும். கழற்றி ஜன்னல் கட்டையில் வைத்தாயிற்று, விரல் வெளுப்பாக, புதிதாகக் குளித்த மாதிரி இருக்கிறது. திறந்த கம்பி. இரண்டு. மூன்று. ஏழு. நடுவிரலே, நடுவிரலே. எட்டு! எட்டுதான், எட்டுதானே? ஆமாம். இப்போது பன்னிரண்டு. பதற்றத்தில் பன்னிரண்டு பதினொன்றாகிவிட்டது. கேட்க ஆளில்லாத வீட்டில் சத்தமாக ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன். சுவரிலிருந்து அவர் பார்க்கிறார், நாளைக்கென்று புதுச் சட்டம் போட்ட படம், மடியில் கிட்டார், எஃப் கார்டு பிடித்தபடி.

எஃப். அந்தப் படத்திலும் எஃப்பா? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு எஃப் வந்ததே இல்லை. ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்க வைத்து அழுத்தவேண்டும், அவருக்கு அது அழுந்தாது, ஒவ்வொரு முறையும் இரண்டு கம்பி செத்துப்போய்ப் பலகையைத் தட்டின மாதிரி டப்பென்று விழும். கல்யாணத்தன்று கேட்டேன், ஷைனி ஞானஸ்நானத்தன்று கேட்டேன், அவள் கல்யாணத்திலும் அதே டப். கடைசிக் கிறிஸ்துமஸ் வரைக்கும் அதே டப். அவரிடம் யாராவது வந்து, துரைசிங், எஃப்பை ஒரு தடவை பிசகாமல் பிடித்துக் காட்டு, இல்லாவிட்டால் கிட்டாரைக் கொடுத்துவிடு என்று சொன்னார்களா? ஒருத்தரும் சொல்லவில்லை. கைதட்டினார்கள். ஆமாம், கைதட்டினார்கள். அவர் காலமெல்லாம் எஃப்பைக் கொன்றார், கிட்டார் அவருடையதாகவே இருந்தது. நான் ஏன் பாஸாகவேண்டும்? அவருடைய ஸ்கூட்டர் என்னிடம் இருக்கிறது, இன்னும் பிரேக் பிடிக்கத் தடுமாறுகிறேன், அதைக் கோயிலில் நிறுத்திப் பெயர் எழுத யாரும் வரவில்லை. அவர் அம்மாவின் ஆட்டுக்கல் பின்வாசலில் கிடக்கிறது, அதைத் தூக்கக்கூட என்னால் முடியாது, என்னுடையதுதான். என் வீட்டில் இருக்கிற சாமானை வைத்துக்கொள்ள எனக்கு நானே கேள்வித்தாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேனே, இதைவிடக் கூறுகெட்டத்தனம் உண்டா? எட்டாம் வகுப்புப் பிள்ளை விடையைத் தப்பாக எழுதினால்கூட வழி சரியாக இருந்தால் பாதி மார்க் போடுகிறவள் நான். எனக்கு மட்டும் ஒரு ஒன்பதுக்கு ஃபெயிலா? போ. பரீட்சை ரத்து. திறந்த கம்பி, இரண்டு, மூன்று, ஏழு, ஒன்பது. நீ ஒன்பதுக்கே போ, அதற்காகக் கிட்டாரைக் கொடுக்கமாட்டேன், நாளைக்குத் திட்டிக்கொள்கிறேன் உன்னை.

கேட் கொண்டி சத்தம். வந்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்‌ஷன் வந்த மாதிரி இருக்கிறது, ஆனால் கை நிற்கவில்லை, கையை நான் நிறுத்தவும் இல்லை. இரண்டு, மூன்று, ஏழு, ஒன்பது, விம்மல் வேறு. வாசல்படியில் செருப்புச் சத்தம் அப்படியே நின்றது. நிமிர்ந்து பார்த்தால் மதினி வாசலில் நின்றபடி முந்தானையால் வாயைப் பொத்தியிருக்கிறார், ஜெயசிங் கையில் மடித்த பழைய போர்வை, கிட்டாரைச் சுற்றிக் கொண்டுபோவதற்கு.

“ஏட்டி ஹெப்சி,” என்றார் மதினி, குரல் உடைந்திருந்தது. “என்னட்டி இப்படி வாசிக்க? தம்பியை நெனச்சு நெஞ்சு உருகுதா? கேக்கவே முடியல.”

“வாங்க மதினி. உக்காருங்க.”

“டீச்சர், எடுத்து வச்சாச்சா?” ஜெயசிங் போர்வையை விரிக்க ஆரம்பித்தார். “பெயிண்டர் காத்துக்கிட்டு இருக்காரு.”

“இல்ல. நான் தரல.”

சொல்லிவிட்டேன். இவ்வளவு சின்ன வாக்கியமா அது? தொண்டையில் இத்தனை நாள் பெரிதாக இருந்தது. ஜெயசிங் போர்வையைப் பாதி விரித்தபடி மதினியைப் பார்த்தார். மதினி என்னைப் பார்த்தார், அப்புறம் என் விரலைப் பார்த்தார், அப்புறம் ஜன்னல் கட்டையில் இருந்த மோதிரத்தைப் பார்த்தார். நான் எதையும் மறைக்கவில்லை.

“எல்லாருட்டயும் சொல்லியாச்சே டீச்சர்,” என்றார் ஜெயசிங். “நீங்க வாசிப்பீயளா? உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“தெரியாம வச்சு என்ன செய்யப் போறீய?”

“தெரியாததுனாலதான் வேணும். படிச்சுக்கிட்டு இருக்கேன்.” குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது, பரவாயில்லை. “அவுக பேர் கோயில்ல வேணும், அவ்வளவுதானே? நல்ல ஃபேனா ஒண்ணு எடுத்துத் தாரேன். செல்லையா வாத்தியார் ஃபேனைக் கழத்திட்டு அந்த இடத்துல மாட்டுங்க, மூணு எறக்கையிலயும் அவுக பேரை எழுதுங்க. காத்தாவது வரும்.”

“கிட்டாரு மாதிரி ஆவுமாட்டி அது?” மதினி நாற்காலியில் உட்கார்ந்தார். கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை, வேறு என்னவோ வந்தது அந்த முகத்தில். “அவன் மடியிலயே கெடந்த சாமானு. சரி, நீ ஒரு முடிவோட இருக்க. அந்தப் பாட்டையாவது இன்னொருவாட்டி வாசி. அவன் வந்து உக்காந்த மாதிரி இருந்துச்சு.”

அவர் வந்து உட்கார்ந்த மாதிரி. ஒன்பதால் வந்தது அது, என் மோதிர விரல் செய்த வேலை. அதையே இன்னொரு முறை வாசித்தால் மதினி அழுவார், அழுதால் நல்லது, எல்லாம் சுமுகமாக முடியும், டீ போடலாம், டீ போடுவதற்குத்தான் எனக்கு நன்றாகத் தெரியுமே. திறந்த கம்பியைத் தட்டினேன். இரண்டு, மூன்று. அந்த வெறும் வெளியைத் தாண்டினேன். ஏழு. மோதிர விரல் கிளம்பியது, எனக்குத் தெரிந்தது கிளம்புவது, நீ இரு என்றேன் உள்ளுக்குள்ளே, மிரட்டாமல், வகுப்பில் பின்பெஞ்சுப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. நடுவிரல் இறங்கியது. எட்டு. அப்படியே நின்றது, அசையவில்லை, விம்மவில்லை. பன்னிரண்டு. திரும்பி எட்டு, ஏழு, மூன்று, இரண்டு, திறந்த கம்பி. ஹாலுக்குள் அது நின்று அடங்கியது.

மதினியின் முகம் சுருங்கியிருந்தது. “என்னட்டி இது, மொதல்ல வாசிச்சது எவ்வளவு நல்லா இருந்துச்சு. இப்ப நடுவுல எங்கியோ தப்பிட்டியே.”

“இல்ல மதினி,” என்றேன். “மொதல்ல வாசிச்சதுதான் தப்பு. இதுதான் சரி.”

ஜெயசிங் போர்வையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். நான் டீ போட எழுந்திருக்கவில்லை.